மழைக்கு அடிக்கும் மணி

செலின் மாவு வாங்கக் கீழே போய் முப்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. "ரெண்டே நிமிஷம், இதோ வந்துடறேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். காட்டுப்பாக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்ப ஐந்து நிமிஷம் போதும். கடைக்கார அண்ணாச்சியோடு பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிஷம். முப்பத்தைந்து நிமிஷத்துக்கு எந்தக் கணக்கும் பொருந்தவில்லை.

இருதயராஜ் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். பால்கனிக்குப் போனால் மழை. ஹாலுக்கு வந்தால் கடிகாரம். இரண்டையும் பார்க்கப் பிடிக்காமல் சமையலறைக்குப் போனால் அங்கே ஃப்ரிட்ஜின் மேல் செலினின் போன் சார்ஜில் கிடந்தது. கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை.

செலினுக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. சாயந்திரம் ஆறரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் ஏழு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும்; இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் போட்டுவிடும். இன்றைக்கென்று பார்த்து, ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகுதான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்கவா முடியும்? குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நான் போறேன், நீ உக்காரு" என்று இருதயராஜ் சொல்லியிருக்க வேண்டும். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு ஓவர் முடியட்டுமே என்று உட்கார்ந்திருந்தார். அந்த ஓவரில் ஒரு மண்ணும் நடக்கவில்லை.

ஆறே முக்காலுக்கு மழை கொட்ட ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் கரண்ட் போயிற்று. அதற்கு இரண்டு நிமிஷம் கழித்து லிஃப்ட்டின் அபாய மணி கிர்ரென்று அடிக்கத் தொடங்கியது. நிற்பதும் அடிப்பதுமாக அது இன்னும் ஓயவில்லை. ஏற்கெனவே மனசு கிடந்து தவிக்கும்போது இந்தச் சனியன் வேறு என்று இருதயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பெய்தால் அது தானாக அடிக்கும் என்பது சி பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். மேலேயிருந்து தண்ணீர் கசிந்து வயரில் இறங்கி, ஏதோ ஒட்டிக்கொண்டு அடிக்கிறது. இது எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், "எல்லாரும்தானே சொல்றாங்க" என்பார்கள். எல்லாருக்கும் சொன்னவர் இருதயராஜ். அவர்தான் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். ஜூன் மாசத்தில் முதன்முதலாக மணி அடித்தபோது வாட்ச்மேன் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. லிஃப்ட்டில் ஆள் யாரும் இல்லை. மறுநாள் வந்த டெக்னீஷியன் பைக்கில் இருந்து இறங்காமலே, "ஈரம் பட்டிருக்கும் சார்" என்றான். அதை இருதயராஜ் வாட்ஸாப் குழுவில் இப்படிப் போட்டார்: "மழை நீர் கசிவதால் சி பிளாக் லிஃப்ட் மணி தானாக ஒலிக்கிறது. டெக்னீஷியன் நேரில் ஆய்வு செய்து உறுதிப்படுத்தியுள்ளார். யாரும் பதற வேண்டாம்."

ஆய்வும் உறுதியும் அவரே சேர்த்தவை. எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அறிவிப்பு என்றால் அப்படித்தானே இருக்கும்? இத்தனைக்கும் அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் வால்வு பரிசோதகராக இருந்தவர். அளந்து பார்க்காமல் ஒரு வால்வைக்கூட வெளியே விடாத கை அது.

ஜூலையில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை மழையோடு மணியும் அடித்தது. நாலாவது மாடி விக்ரம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவன், சேலத்துப் பையன். "நாலு மழை, நாலு மணி. டேட்டா தெளிவா இருக்கு அங்கிள்" என்று அவனும் முத்திரை குத்திவிட்டான். மழை பெய்தும் மணி அடிக்காத நாட்களை யாரும் எண்ணவில்லை. போகப் போக, மணி அடித்தால் மொட்டை மாடித் துணியை எடுக்க வேண்டும் என்று பெண்கள் எழுந்து போகிற அளவுக்கு அது பழகிவிட்டது.

ஏழேகாலுக்கு மேல் இருதயராஜால் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கரண்ட் இல்லாததால் லிஃப்ட் ஓடாது. ஜெனரேட்டர் நடைபாதை விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும்தான். படிக்கட்டில் சாரல் அடித்துத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது எங்கோ தொம் தொம் என்று சத்தம் கேட்டது. மொட்டை மாடித் தகரம் காற்றில் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தபடி கீழே வந்தார்.

வாட்ச்மேன் அருள் கேட்டில் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல்தான் மணி இருந்தது. காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"அருள், அம்மா உள்ள வந்தாங்களா?"

அருள் பஞ்சை எடுத்தார். "இன்னா சார்?"

"எங்க வீட்டம்மா! கடைக்குப் போனாங்களே, திரும்பி வந்தாங்களா?"

"போனத பாத்தேன் சார். வந்தது தெர்லியே. கரண்ட் போற மாரி மினுக்கு மினுக்குனு இர்ந்துச்சு, நான் ஜெனரேட்டராண்ட போய்ட்டேன். அதுக்கப்புறம் இங்கதான் குந்திகினு கீறேன். வர்ல சார்."

இருதயராஜ் தெருவில் இறங்கி ஓடினார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். கடையில் அண்ணாச்சி மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரிசி மூட்டைகளைப் பலகை மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவா? மாவு வாங்கிட்டு அப்பவே போயிட்டாங்களே சார். மழை புடிக்கதுக்கு முன்னாலயே. கொஞ்சம் அசதியா இருக்குன்னாங்க, உக்காருங்கம்மான்னேன். வேண்டாம், வீட்டுக்குப் போயிருதேன்னுட்டாங்க."

அப்பவே போய்விட்டாள். வீட்டுக்கு வரவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது நூற்றைம்பது அடித் தெரு. தெருவின் ஒரு ஓரம் முழுக்க வடிகாலுக்காக நாலு மாசமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாதி இடத்தில் மூடி, பாதி இடத்தில் சவுக்குக் கட்டையும் சிவப்பு ரிப்பனும். இப்போது கட்டையையும் காணோம், ரிப்பனையும் காணோம். தெருவும் பள்ளமும் ஒரே தண்ணீர்.

அசதியாக இருக்கிறது என்று சொன்னாளாமே. தலை சுற்றி ஓரமாகச் சாய்ந்திருந்தால்? கடை வாசலில் கிடந்த ஒரு கம்பை எடுத்துக்கொண்டார். பள்ளத்தின் ஓரமாக நின்று தண்ணீருக்குள் குத்திப் பார்த்தார். மண். இன்னும் இரண்டடி தள்ளிக் குத்தினார். மண். அதற்கடுத்த இடத்தில் கம்பு மெத்தென்று எதிலோ இறங்கியது. "மாதாவே" என்று அலறிவிட்டார். கையை விட்டுத் துழாவி இழுத்தால், ஊறிப்போன சிமெண்ட் சாக்கு.

அந்த அலறல் கேட்டுத்தான் விக்ரம் வந்தான். ஆபீஸிலிருந்து திரும்பிய கோலம், தோளில் பை, கையில் செருப்பு. விஷயத்தைக் கேட்டதும் அவனும் பயந்துவிட்டான். ஆனாலும் நல்ல பிள்ளை, சமாதானம் சொல்ல வேண்டும் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னான்.

"ஆன்ட்டி குமணன்சாவடி பக்கம் போயிருப்பாங்க அங்கிள். மெடிக்கல் ஷாப்புக்கு."

"மாவு வாங்கப் போனவ எதுக்குப்பா குமணன்சாவடி போறா?"

"சர்ச்சுக்கு?"

"மாவோடயா?"

இருவரும் குத்திக்கொண்டே போனார்கள். பின்னாலிருந்து மணி விடாமல் அடித்தது. அது அடிக்க அடிக்க இருதயராஜுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்துவிடும்போல் இருந்தது. "அந்த எழவு மணியோட வயரைப் பிடுங்கி எறியச் சொல்லுப்பா அருள்கிட்ட!" என்று கத்தினார்.

"மழை நின்னா தானா நின்னுடும் அங்கிள்."

"லிஃப்ட்டுல..." என்று இருதயராஜ் ஒரு கணம் இழுத்தார். உடனே தலையை ஆட்டிக்கொண்டார். செலின் லிஃப்ட்டில் ஏறவே மாட்டாள். படி ஏறினால் சர்க்கரை குறையும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மூன்று மாடியும் நடைதான். மணியோ மழைக்கு அடிப்பது. அருளோ அவள் உள்ளே வரவில்லை என்கிறார். எல்லாமே தெரிந்த விஷயங்கள். திரும்பவும் கம்பைத் தண்ணீருக்குள் விட்டார்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மழை தணிய ஆரம்பித்தது. அதே நேரத்தில் மணியும் நின்றது.

"பாத்தீங்களா" என்றான் விக்ரம். இந்த நிலைமையிலும் தான் சொன்னது பலித்ததில் அவன் குரலில் சின்னதாக ஒரு திருப்தி. இருதயராஜும் தலையை ஆட்டினார். உள்ளுக்குள் சனியன் ஒழிந்தது என்றுகூட இருந்தது. போலீஸுக்குப் போன் போடலாமா, பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாமா என்று இருவரும் பேசிக்கொண்டே கேட்டுக்கு வந்தார்கள். தூறலும் நின்றது. டீசல் வீணாகிறதென்று அருள் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வந்தார். இருட்டில் தெரு முழுக்கத் தவளைச் சத்தம்.

மணி அடித்தது.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நின்றது. மறுபடியும் ஒருமுறை அடித்தது. நின்றது. மறுபடியும்.

"ஈரம் இன்னும் காயல போல" என்றான் விக்ரம்.

அதே வார்த்தைகள்தான் இருதயராஜின் வாய்க்குள்ளும் தயாராக இருந்தன. சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். கையை நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விழவில்லை.

"மழை இல்லையேப்பா" என்றார். "மழையே இல்லையே!"

அப்புறம் அந்த ஐம்பத்தொன்பது வயசு மனுஷர் எப்படிப் படி ஏறினார் என்று அருள் இன்றைக்கும் ஆச்சரியப்பட்டுப் பேசுவார். வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எழுந்து மறுபடி ஓடினார். இறங்கும்போது தொம் தொம் என்று கேட்ட இரண்டாவது மாடியில், லிஃப்ட் கதவில் இரண்டு கையாலும் அடித்தார். "செலின்! செலின்!"

மேலேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. செலினின் குரல் அல்ல.

"சார்! இங்கதான் கீறோம் சார்! சீக்கிரம் தொறங்க, அம்மாவுக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு!"

அருள் லிஃப்ட் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். விக்ரம் டார்ச் அடித்தான். வெளிச்சம் முதலில் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் விழுந்தது: "வீட்டு வேலையாட்கள், துப்புரவுப் பணியாளர்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் பணியிலிருந்து நீக்கப்படுவர். இப்படிக்கு, செயலாளர்." கதவைத் திறந்தால் லிஃப்ட் இடுப்பு உயரத்தில், இரண்டு மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்கதவை விக்ரமும் அருளும் பிடித்து இழுத்தார்கள்.

உள்ளே நாகம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சி பிளாக்கின் குப்பையை எடுத்து மாடிப்படி பெருக்குகிற நாகம்மா. அவள் மடியில் செலினின் தலை இருந்தது. நாகம்மா ஒரு கையை மேலே நீட்டி மணிப் பொத்தானைத் தொட்டபடி இருந்தாள். பக்கத்தில் மாவுப் பாக்கெட், குப்பை வாளி, பிரித்துப் போட்ட ஒரு ஸ்வீட் டப்பா.

செலின் கண்ணைத் திறந்து பார்த்தாள். "என்னங்க, இவ்ளோ நேரமா?" என்றாள். இருதயராஜ் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

நாற்காலி போட்டு இறக்கி, தாங்கிப் பிடித்து மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரை பார்த்தார்கள். எழுபத்தெட்டு. பயப்பட ஒன்றுமில்லை. மாவு வார்த்து இரண்டு தோசை சாப்பிட்ட பிறகு செலினுக்கு முகத்தில் களை வந்தது. நாகம்மாவைப் போக விடாமல் சோபாவில் உட்கார வைத்தாள். நாகம்மா நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செயலாளர் வீட்டு சோபா அல்லவா.

"இவ மட்டும் இல்லேன்னா நான் போயிருப்பேன்" என்றாள் செலின். "கேட்டுக்குள்ள வரும்போதே கண்ணு இருட்டிச்சு. படி ஏற முடியல. இவ லிஃப்ட் கிட்ட நின்னுட்டிருந்தா, வாடி, என்னைக் கூட்டிட்டுப் போன்னேன். ரெண்டாவது மாடி தாண்டினதும் கரண்ட் போச்சு. கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. யாரோ கொடுத்த தீபாவளி லட்டு வச்சிருந்தா, கல்லு மாதிரி. அதைப் பொடி பண்ணி வாயில போட்டா."

"நாலாவது மாடில குட்த்தாங்க" என்றாள் நாகம்மா. "கெட்டுப் போய்ச்சின்னு நெனச்சி குட்த்துட்டாங்க போல. கெடல."

விக்ரம் தரையைப் பார்த்தான்.

"மணியை ஏன் நடுவுல நிறுத்தினீங்க?" என்று இருதயராஜ் கேட்டார். அதுதான் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. "மழை குறையும்போது நின்னு போச்சே. கை வலிச்சுதா?"

செலின் நாகம்மாவைப் பார்த்தாள். நாகம்மா முந்தானை நுனியைத் திருகினாள்.

"நான்தான் சார் நிறுத்துனேன். மழ பேயும்போது எவ்ளோ அட்ச்சாலும் வரமாட்டாங்கமா, மழைன்னுதான் சொல்லுவாங்கன்னேன். மேல தகரத்துல மழ கொறையிற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் சும்மா இருப்போம், சுத்தமா நின்னப்புறம் அடிப்போம், அப்ப யாருக்காச்சும் ஒறைக்கும்னேன்."

இருதயராஜ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறை முழுக்க ஈரத்துணி நாற்றம். கரண்ட் இன்னும் வரவில்லை.

"வரமாட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நாகம்மா செலினைப் பார்த்தாள். "சொல்லு, நான் இருக்கேன்" என்றாள் செலின்.

"வேலைய எடுத்துட மாட்டீங்களே சார்?"

"இல்லம்மா. சொல்லு."

"மழ பேஞ்சா படியில தண்ணி நிக்குது சார். போன வருசம் வாளியோட விழுந்து இடுப்பு போச்சு. அதனால சாயந்திரம் குப்ப எடுக்கசொல்ல மழ வந்தா மட்டும் லிஃப்ட்டுல ஏறிடுவேன். தப்புதான். மழ வந்தா கரண்டு பூடும். மாட்டிக்குவேன். மணி அடிப்பேன். கரண்டு வந்ததும் கதவு தொறந்துக்கும், யாரும் பாக்கறதுக்குள்ள எறங்கி ஓடிடுவேன்."

"நாலு தடவையும்?"

"நாலு தடவையும் நான்தான் சார்."

இருதயராஜ் மேற்கொண்டு கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் முப்பத்தொரு வருஷப் பழக்கம், முழுசாக அளக்காமல் விட முடியவில்லை.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தே?"

"மத்ததெல்லாம் பத்து நிமிசம், கா மணி. ஆகஸ்ட்லதான் ஒரு மணி நேரத்துக்கு மேல. இருட்டு சார், மூச்சு முட்டுச்சு. அன்னிக்கி நீங்க கதவாண்ட நின்னு பேசிகினு இருந்தீங்க. நல்லா கேட்டுச்சு. புதுசா குடி வந்தவங்க யாரோ, உள்ள ஆள் இருக்கப் போறாங்க சார்னு சொன்னாங்க. நீங்க சிரிச்சிகினே, யாரும் இல்லீங்க, மழைக்கு அடிக்குதுன்னீங்க."

"நீ குரல் கொடுத்திருக்கலாமே!"

"குடுக்கலாம்னுதான் வாயத் தொறந்தேன். வேல பூடுமேன்னு மூடிக்கினேன்." நாகம்மாவுக்கு அவளை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்ளோ உறுதியா சொன்னீங்களா சார், எனக்கே ஒரு நிமிசம் டவுட் வந்துடுச்சு. பொத்தான்லருந்து கைய எடுத்துட்டு, நெசமாவே மழதான் அடிக்குதான்னு காது குடுத்துக் கேட்டேன்."

அவள் சிரித்ததைப் பார்த்து விக்ரமும் சிரித்தான். இருதயராஜ் எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செலின் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் வெளியே வரவில்லை.